புள்ளி வைத்த வானம்

கணிப்பொறி என்றால் கேட்டதை நொடியில் செய்து கொடுக்கும், மனிதருக்கு வேலையே இல்லை என்பது பலருடைய எண்ணம். சென்ற பள்ளிக் கண்காட்சி வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அக்கண்காட்சிக்காக எங்கள் வகுப்பினர் பரங்கிமலையைப் பிக்சல் ஓவியமாக வரைந்தோம். பிக்சல் ஓவியம் என்பது சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆன படம். தையல் வகுப்பில் கட்டம் எண்ணிக் கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். எங்கள் படம் அகலத்தில் 96 புள்ளிகள், உயரத்தில் 64. ஆக 6,144 புள்ளிகள். தாம்பரத்திலிருந்து மாலையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் காணும் காட்சிதான்: மலைமேல் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம், பின்னால் சிவந்து மங்கும் வானம். மலையையும் ஆலயத்தையும் ஒவ்வொரு புள்ளியாக வைத்து முடித்தோம். வானத்துக்கு வந்தபோது நேரமில்லை. மென்பொருளில் கிரேடியண்ட் என்றொரு கருவி உண்டு. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் காட்டி இழுத்தால் போதும். இடைப்பட்ட சாயல்களை எல்லாம் அதுவே நிரப்பிவிடும். ஒரே இழுப்பில் வானம் முடிந்தது.

கண்காட்சியன்று ஒரு மாணவியின் தந்தை படத்தை நெடுநேரம் பார்த்தார். "வானம் அழகாயிருக்கிறதம்மா, யார் வரைந்தது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மலையை யார் வரைந்தது என்று அவர் கேட்டிருந்தால் எட்டுக் கைகள் உயர்ந்திருக்கும்!

அவர் போன பிறகு படத்தை நாங்களே தள்ளி நின்று பார்த்தோம். உண்மையில் அந்த வானம் அழகாகவும் இல்லை. மலை புள்ளிகளால் ஆனது. வானமோ வழுவழுவென்று, நாள்காட்டியிலிருந்து கத்தரித்து ஒட்டியது போல் இருந்தது. ஆகவே எங்கள் கருத்து இது: பிக்சல் ஓவியத்தில் கிரேடியண்டை இழுத்து நிரப்பக் கூடாது. சில நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் புள்ளிகளைக் கலந்து வைத்தே சாயலை வரவழைக்க வேண்டும். இதற்கு டிதரிங் என்று பெயர்.

பெயர்தான் புதிது. காஞ்சிபுரத்து மயில் கழுத்து நிறப் பட்டை அறியாத தாய்மார் உண்டோ? நீல இழையும் பச்சை இழையும் பாவும் ஊடையுமாகச் சேர்கின்றன. இரண்டும் தனித்தனியே இருக்க, நம் கண்தான் அவற்றைக் கலந்து மூன்றாவது நிறமாகக் காண்கிறது. இம்மலரில் அச்சாகியுள்ள ஒளிப்படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். முகமெல்லாம் வெறும் புள்ளிகள்! (கோலப் புள்ளியும் இதுவும் ஒன்றே என்றாள் ஒரு தோழி. நாங்கள் ஒப்பவில்லை. கோலத்தில் புள்ளி கோட்டுக்கு வழிகாட்டி. இங்கே புள்ளியே நிறம்.)

கணக்கும் எளிது. இரண்டுக்கு இரண்டாக நான்கு புள்ளிகள் கொண்ட கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி மஞ்சள் வைத்தால் ஒரு சாயல். இரண்டு வைத்தால் சதுரங்கப் பலகை போல் இன்னொரு சாயல். மூன்று வைத்தால் மற்றொன்று. இரு நிறங்களுக்கிடையே மூன்று படிகள் கிடைக்கின்றன. கருநீலம், ஊதா, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற ஐந்தே நிறங்களைக் கொண்டு பதினேழு படிகளில் வானம் இறங்கி வரும்.

எந்தப் புள்ளியை முதலில் வைப்பது என்பதற்கு 1973-இல் ஒரு வரிசை வகுத்தவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர். இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் உள்ள வண்ண வடிகட்டியும் அவர் பெயரையே தாங்குகிறது. 1976-இல் ஃபிளாய்டு, ஸ்டைன்பெர்க் இருவரும் வேறொரு முறையை வெளியிட்டனர். ஒரு புள்ளியில் நேர்ந்த நிறப் பிழையைப் பதினாறு பங்காக்கி, 7, 3, 5, 1 என்று பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது அது. ஒளிப்படத்துக்கு நல்ல முறை. கையால் வரைபவருக்கு அது மணல் தூவியது போலிருக்கும். 1990-இல் வெளிவந்த 'லூம்' என்ற கணிப்பொறி விளையாட்டுக்கு மார்க் ஃபெராரி வரைந்த இரவு வானங்களில் இருப்பவை பதினாறே நிறங்கள் என்றால் நம்புவது கடினம்.

"இன்றைய திரை 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் காட்டுமே, பதினாறோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் கேட்டார்கள். ஆஸ்பிரைட் போன்ற மென்பொருளில் கிரேடியண்ட் கருவியே பேயர் முறைப்படி புள்ளி கலந்து தருகிறது என்றும் வாதாடினார்கள். உண்மைதான். ஆனால் மேகம் எங்கே, ஆலயத்தின் சிலுவை எங்கே என்று அக்கருவிக்குத் தெரியாது. சிலுவையை ஒட்டிய வானத்தில் புள்ளிகள் கலந்தால் சிலுவை கரைந்துபோகும். அங்கே ஒரே நிறமாக விட்டால்தான் அது எடுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து முடிவு செய்ய ஒரு கண் வேண்டும்.

எங்கள் தவற்றையும் சொல்லிவிடுகிறோம். புதிதாகக் கற்ற உற்சாகத்தில் ஆலயச் சுவர், படிக்கட்டு, மரம் என எல்லாவற்றிலும் புள்ளி கலந்துவிட்டோம். வெள்ளைச் சுவர் மழைக்காலத்து மதில் போலப் பாசி பிடித்து நின்றது! தையல் கற்பிக்கும் சிஸ்டர் அவ்வழியே வந்தவர், "இந்தப் புள்ளி இங்கே எதற்கு?" என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்டார். பதில் சொல்ல முடியாதவற்றை எல்லாம் அழித்தோம். வானத்தில் மட்டும் மிஞ்சின.

அந்த வானத்துக்கு நான்கு மதிய இடைவேளைகள் பிடித்தன. படம் இப்போது கணிப்பொறி அறைக் கதவருகே தொங்குகிறது. வலது மூலையில், மஞ்சளுக்கு நடுவே ஓர் ஊதாப் புள்ளி தவறி விழுந்திருக்கிறது. அதை வைத்தது யார் என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.