ஆய்வகத்தில் வளரும் கருவுக்கு 14 நாளா, 28 நாளா? இந்தியாவில் யாரைக் கேட்டு முடிவு செய்வார்கள்?

ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. இதை 28 நாளாக உயர்த்தலாம் என்று 2024-ல் பிரிட்டனின் கருவாக்கக் கண்காணிப்பு அமைப்பு பரிந்துரைத்தது. அங்கே இது நடக்கணும்னா நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நம்ம நாட்டிலும் அதே 14 நாள்தான். ஆனால் அந்த எண் இருப்பது, ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதலில். ஒரு நிபுணர் குழு கூடி அடுத்த பதிப்பை எழுதினால் அது மாறிவிடலாம். எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, அதென்ன 14?

1978-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. மூன்றே மாதத்தில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் துர்கா பிறந்தாள். (அவரை அரசுக் குழு நம்ப மறுத்ததும், 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதும் தனியாக எழுத வேண்டிய சோகம்.) உடலுக்கு வெளியே கரு உருவாகும் என்று ஆனபின், அதை எதுவரை ஆராயலாம் என்ற கேள்வி வந்தது. தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984-ல் 14 நாள் என்றது. 1990-ல் பிரிட்டன் அதைச் சட்டமாக்கியது.

ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவில் ஒரு மெல்லிய கோடு தோன்றுகிறது. தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்பது அதிலிருந்துதான் தெரியும். அதுவரை ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம். வீட்டுக் கணக்கில் சொன்னால், கருவுற்ற 14-வது நாள் என்பது மாதவிடாய் வரவேண்டிய நாள். 'நாள் தள்ளிப்போச்சே' என்று ஒரு பெண் யோசிக்கத் தொடங்கும் நேரம்.

பல ஆண்டுகள் இந்த விதியால் யாருக்கும் நஷ்டமில்லை. அவ்வளவு நாள் கருவை வெளியே வளர்க்கவே தெரியாது. 2016-ல் அமெரிக்க, பிரிட்டன் குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்துக் காட்டி, விதிக்காக நிறுத்தின. அன்றிலிருந்துதான் இது நிஜமான வேலி. 2021-ல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம், 14 நாளைத் தாண்டுவதைத் தன் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

28 கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் இதயம் துடிக்கத் தொடங்குகிறது, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடுகிறது. பிறவி இதயக் கோளாறு, முதுகெலும்புக் குறை எல்லாவற்றுக்கும் வேர் அங்கே. அதற்குப் பிந்தைய நிலைகளை, கருக்கலைப்புக்குப் பின் தானமாகக் கிடைக்கும் திசுவில் பார்க்கலாம். நடுவில் இந்த இரண்டு வாரம்தான் இருட்டு.

'24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருதே, ஆய்வுக்கு மட்டும் ஏன் 14 நாள்?' என்று கேட்கிறார்கள். அங்கே ஒரு பெண்ணின் உடலும் வாழ்வும் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் அது இல்லை. இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

எனக்கு 28 நாள் மேல் பயமில்லை. பயம் சம்மதப் படிவத்தின் மேல்.

கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறைக்கும் அப்பால் இருக்கும் கூக்காலில் பூண்டும் கேரட்டும் போடும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்காக மலையிறங்கி மதுரைக்கு வருகிறார்கள். கடன் வாங்கிய பணம், திரும்பப் பிடிக்க வேண்டிய பஸ், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து. அந்தத் தாள்களில் ஒன்று, மிச்சமாகும் கருக்களை என்ன செய்வது என்பது. 2021-ம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி கருவை 10 ஆண்டு வரை உறையவைக்கலாம். பிறகு அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாம். 14-ஆ 28-ஆ என்ற விவாதத்தின் கச்சாப் பொருள் இவர்களுடைய கருதான். அவர்களிடம் யாராவது இதைத் தமிழில், உட்காரவைத்து, சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி விளக்குவார்களா?

ஆகவே வரம்பைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை. அந்த எண்ணை நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சட்டத்தில் எழுத வேண்டும். ஆய்வுக்கான சம்மதத்தைச் சிகிச்சைப் படிவத்திலிருந்து பிரித்து, தாய்மொழியில், வேறொரு நாளில், சிகிச்சை தராத ஒருவர் கேட்க வேண்டும். எத்தனை நாள் வளர்ப்பார்கள் என்பதும் அதில் எண்ணாக இருக்க வேண்டும். 14-க்குத் தந்த சம்மதம் 28-க்குச் செல்லாது.

சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதன்பின் உறையவைத்த கருக்களுக்கு 10 ஆண்டு கெடு 2032-ல் முடியத் தொடங்கும்.