கினிப் பன்றிக்கு ஸ்நானம் எதற்கு?

திருநின்றவூரில் சித்திரை மாதத்து வெயிலைத் தாங்குவது மனிதர்களுக்கே பெரும்பாடு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளைப் பூர்விகமாகக் கொண்ட கினிப் பன்றி அங்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்துக் கூண்டில் என்ன பாடு படும் என்று சொல்லவேண்டியதில்லை. பெயரில் பன்றி இருக்கிறதே யொழிய, அது எலி, அணில்களின் வர்க்கத்தைச் சேர்ந்த சாதுவான பிராணி. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும் குழந்தைகள் அதைக் கண்டு ஆசைப்படுகிறார்கள். பெற்றோரும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் அதைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி பிறக்கிறது.

வெயில் கொளுத்துகிறதே என்று இரக்கப்பட்டுச் சிலர் அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். இது தயையினால் செய்யும் தீங்கு. கினிப் பன்றி தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு போகும். ஈரம் உலராவிட்டால் குளிர்கண்டு நோயுறும். பின்புறம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, உடனே துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். ஆண் பிராணிக்கு முதுகின் அடியில் பிசுக்குச் சேரும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்தெடுக்கலாம். வெயிலுக்கு ஏற்ற பரிகாரம் நிழலும் காற்றுமே. வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்களில் கூண்டை வீட்டிலுள்ள குளிர்ந்த அறைக்கு மாற்றிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் அபாயம் வேறு உருவில் வருகிறது. நனைந்த படுக்கையில் கிடக்கும் பிராணியின் அழுக்கு ரோமத்தில் ஈக்கள் முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகையால் ஈரமான வைக்கோலைத் தினமும் அகற்றி, வாரம் ஒருமுறை கூண்டு முழுவதையும் வெந்நீரும் வினிகரும் விட்டுத் தேய்த்துக் கழுவி உலர்த்துவது அவசியம். பினாயில் கூடாது. ஏரிக்கரையில் அறுத்த அருகம்புல்லையும் நன்றாக அலசி, ஈரம் போன பிறகே போட வேண்டும்.

குட்டை ரோமமுள்ளதற்கு வாரம் ஒருமுறையும், நீண்ட ரோமமுள்ளதற்குத் தினந்தோறும் சீப்பிட வேண்டும். சீப்பிடும்போதுதான் பிராணியை நாம் உண்மையில் பார்க்கிறோம். ஓயாமல் சொறிகிறதா? உண்ணியோ பேனோ இருக்கலாம். வட்டமாக ரோமம் உதிர்ந்திருக்கிறதா? படர்தாமரையாயிருந்தால் குழந்தைகளுக்கும் ஒட்டும்; தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே ஓடும் சிவந்த ரத்த நாளத்தைத் தொடக்கூடாது.

ரோமம் மங்கிச் சிலிர்த்து நின்றால் ஆகாரத்தையும் கவனியுங்கள். மனிதரைப் போலவே கினிப் பன்றியும் வைட்டமின் 'சி'யைத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள இயலாதது. 1907-ல் நார்வே தேசத்து ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், பச்சை உணவின்றித் தானியம் மட்டுமே தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் கண்டதை வெளியிட்டார்கள். தினமும் ஒரு சிறு கொய்யாத் துண்டும் கொத்தமல்லித் தழையும் கொடுத்துவந்தால் இந்தக் குறை அணுகாது.

இவ்வளவு சிரத்தை ஏனென்றால், பிற மிருகங்களுக்கு இரையாகும் ஜந்துவாதலால் இது தன் நோயை வெளிக்காட்டாது. வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. ஒரு நாள் தின்னாமலிருந்தாலும் தாமதியாமல் ரயிலேறி, 1903-ல் தோன்றிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின் வகை மருந்து இதன் குடலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

நன்றாகப் பேணினால் இப்பிராணி ஐந்து முதல் எட்டு வருஷம் வாழும். குழந்தையின் ஆசை அதற்குள் வேறொன்றின்மேல் போய்விடலாம். அப்போது சீப்பைக் கையிலெடுப்பவர் யார் என்பதைச் சந்தைக்குப் புறப்படுமுன்பே பெற்றோர் முடிவு செய்துகொள்வது நலம்.