உரிமையாளரின் சாவி

சிஏ/பிரவுசர் ஃபோரத்தின் புதிய விதியைப் படித்ததிலிருந்து இந்த வாரம் எரிச்சல் அடங்கவில்லை. டிஜிட்டல் சான்றிதழ் விற்கும் நிறுவனங்களும் மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய மென்பொருள் நிறுவனங்களும் கூடி விதி வகுக்கும் அமைப்பு அது. மென்பொருளில் கையொப்பமிடுவதற்கான சான்றிதழ் முன்பு 39 மாதம்வரை செல்லும். 2026 மார்ச் 1 முதல் வழங்கப்படுபவை 460 நாளுக்கு மேல் செல்லாது. 2023 ஜூன் 1 முதலே, கையொப்பமிடும் தனிச்சாவியைச் சாதாரணக் கோப்பாகக் கணினியில் வைத்திருக்க அனுமதியில்லை. தரச்சான்று பெற்ற தனி வன்பொருளில்தான் அது இருக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் தனியாகப் பார்த்தால் நல்ல காரணம் உண்டு. திருட்டுப்போன சாவி நெடுநாள் பயன்படக்கூடாது என்ற கவலையில் தவறில்லை. ஆனால் ஓய்வு நேரத்தில், ஊதியம் எதுவுமில்லாமல் ஒரு சிறு மென்பொருளைப் பராமரிப்பவருக்கு இது திரும்பத் திரும்பப் பணம், திரும்பத் திரும்ப அடையாளச் சரிபார்ப்பு. பழைய கருவிகளை ஓடவைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக நான் இந்தப் பத்தியில் விடாமல் வாதாடிவருவது வாசகர்களுக்குத் தெரியும். அவர்கள் தலையில் இன்னொரு சுமை என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிடலாம். அப்படி முடித்தால் அதைவிடப் பெரிய குறை மறைந்துவிடும். பழைய இயங்குதளத்துக்கு இன்று டிரைவர் எழுதுபவருக்கு, எவ்வளவு பணம் கொடுத்தாலும், பயன்படக்கூடிய சான்றிதழ் கடையில் இல்லை.

டிரைவர் என்பது பிரிண்டர், ஸ்கேனர், ஆய்வகக் கருவி போன்றவற்றை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள். டிரைவர்களில் பல கெர்னலுக்குள், அதாவது கணினியின் எல்லா அதிகாரமும் குவிந்திருக்கும் இடத்தில் ஓடுகின்றன. அங்கே நுழைந்த தீய நிரலை ஆன்ட்டிவைரஸால்கூட நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் 2006-07இல் வெளிவந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பில், கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. அது சரியான முடிவு. அப்போது அமைந்த ஏற்பாடும் பெருமளவு நியாயமானது. வெரிசைன் போன்ற நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கலாம். அந்த நிறுவனத்தின் மூலச்சான்றிதழை மைக்ரோசாஃப்டின் மூலச்சான்றிதழோடு இணைக்கும் குறுக்குச் சான்றிதழ் ஒன்றை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் கொடுத்தது. இரண்டும் கையில் இருந்தால் டிரைவர் எழுதியவரே கையொப்பமிட்டு வெளியிடலாம். ஒவ்வொரு பதிப்பையும் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பி ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. விண்டோஸ் 7 இந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. கையொப்பமிடப் பயன்பட்ட எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கீட்டு முறை பலவீனமாகிவிட்டதால் எல்லோரும் எஸ்ஹெச்ஏ-2க்கு மாறவேண்டியிருந்தது. அந்த அச்சம் வீணல்ல: 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் எஸ்ஹெச்ஏ-1ஐ நடைமுறையிலேயே உடைத்துக் காட்டின. ஆனால் விண்டோஸ் 7இன் கெர்னலுக்கு எஸ்ஹெச்ஏ-2 கையொப்பம் புரிய 2015 மார்ச் மாதப் புதுப்பிப்பு தேவைப்பட்டது. அதை நிறுவாத கணினிக்கு எஸ்ஹெச்ஏ-1 வேண்டும்; எஸ்ஹெச்ஏ-1 சான்றிதழ் வழங்குவதையோ நிறுத்தியாகிவிட்டது. அடுத்து, 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு, புதிய கெர்னல் டிரைவர்களில் மைக்ரோசாஃப்டின் கையொப்பமே இருக்க வேண்டும் என்றது. அதற்கு மைக்ரோசாஃப்டின் வன்பொருள் தளத்தில் கணக்கு வேண்டும். கணக்குக்கு இவி எனப்படும் உயர்நிலைச் சான்றிதழ் வேண்டும். அது பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே கிடைக்கும். அங்கே எளிதாகக் கிடைக்கும் உறுதிமொழிக் கையொப்பம் விண்டோஸ் 10க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டுமே செல்லும். பழைய பதிப்புகளுக்கு வேண்டுமானால் முழுச் சோதனைத் தொகுப்பையும் தனிக் கணினிகளில் ஓட்டி முடிவுகளைச் சமர்ப்பிக்க வேண்டும் என்றானது. 2021இல் பெரும்பாலான குறுக்குச் சான்றிதழ்கள் காலாவதியாயின. மைக்ரோசாஃப்ட் அவற்றைப் புதுப்பிக்கவில்லை. கடையில் வாங்கிய சான்றிதழைக் கொண்டு விண்டோஸ் 7 கெர்னலை இணங்கவைக்கும் வழி அத்தோடு அடைபட்டது.

இதில் கவனிக்கவேண்டியது, பழைய கையொப்பங்கள் சாகவில்லை என்பது. எப்போது இடப்பட்டது என்று காட்டும் காலமுத்திரையோடு இட்ட கையொப்பம், சான்றிதழ் காலாவதியான பிறகும் செல்லும். பத்திரம் பதிவான காலத்துச் சார்பதிவாளர் ஓய்வுபெற்றுப் போனாலும் பத்திரம் செல்வதுபோல. அந்தப் பத்திரத்தைப் போலவே கையொப்பமும் யார் எழுதிக்கொடுத்தார் என்பதை மட்டுமே சொல்லும்; சொத்தில் வில்லங்கம் உண்டா என்று சொல்லாது. அதனால் 2013இல் கையொப்பமிட்ட ஒரு டிரைவரில் ஓட்டை இருப்பது பின்னாளில் தெரியவந்தால் என்ன ஆகும்? ஓட்டையுள்ள பழைய டிரைவரை விண்டோஸ் 7 இன்றும் தயங்காமல் ஏற்றும். ஓட்டையை அடைத்துத் திருத்திய பதிப்பை ஏற்றாது. பாதுகாப்புக்காக வந்த விதி, பழுதான நிரலை உள்ளே விட்டுவிட்டுப் பழுதுபார்த்ததை வெளியே நிறுத்துகிறது. விதிகளை எழுதியவர்கள் இந்த ஒரு விளைவுக்காவது பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் ஈடாகத் திருடர்கள் தடுக்கப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பதிவாகியிருக்கும் நிகழ்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஈரானின் நதான்ஸ் அணுசக்தி ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் 2010இல் வெளிப்பட்டபோது, அதன் டிரைவர்களில் தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் சாவிகளால் இட்ட அசல் கையொப்பங்கள் இருந்தன. 2016இல் கேப்காம் நிறுவனம் ஒரு சண்டை விளையாட்டோடு சேர்த்து அனுப்பிய டிரைவர், முறையான கையொப்பத்தோடு, எந்த நிரலையும் கெர்னல் அதிகாரத்தில் ஓடவிட்டது. 2021இல் நெட்ஃபில்டர் என்ற தீய டிரைவரில் மைக்ரோசாஃப்டே கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தது. 2022இல் என்விடியாவிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்கள் காலாவதியானவை. ஆனாலும் அவற்றால் ஒப்பமிட்ட தீய நிரல்கள் பரவின. எல்லாவற்றையும்விட முக்கியமானது 2023 ஜூலையில் சிஸ்கோவின் டாலோஸ் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு. 1607 விதியில் ஒரு விலக்கு உண்டு: 2015 ஜூலை 29க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழால் ஒப்பமிட்ட டிரைவர் செல்லும். கசிந்துபோன பழைய சான்றிதழ்களை எடுத்து, அவை உயிரோடிருந்த காலத்திலேயே ஒப்பமிட்டதுபோல் தேதியைத் திரிக்கும் கருவிகளைக் கொண்டு, தீயவர்கள் அந்த விலக்கைப் பயன்படுத்திவந்தார்கள். பொய்த் தேதி போட அஞ்சாதவருக்கு வழி திறந்திருந்தது. உண்மைத் தேதி போடுபவருக்கு அது அடைபட்டிருந்தது.

இந்த இடத்தில், நான் அடிக்கடி திரும்பிப் போகும் கென் தாம்சனின் உரைக்கு மறுபடியும் போகிறேன். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான அவர், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரை 1984இல் அச்சானது, சில பக்கங்கள்தான். அதில் அவர் படிப்படியாக ஒன்றைக் கட்டிக் காட்டுகிறார். முதலில், தன்னைத்தானே நகலெடுக்கும் நிரல். அடுத்து, ஒருமுறை கற்பித்ததை மறக்காமல் தன் அடுத்த பதிப்புக்குக் கடத்தும் கம்பைலர், அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும் மென்பொருள். கடைசியில், கணினிக்குள் நுழைய அனுமதிக்கும் லாகின் நிரலைத் தொகுக்கும்போது ஒரு ரகசிய வழியையும், கம்பைலரையே தொகுக்கும்போது இந்தத் தந்திரம் முழுவதையும் சேர்த்துவிடும் கம்பைலர். அதன் பிறகு மூலநிரலிலிருந்து தடயத்தைத் துடைத்துவிட்டாலும் தந்திரம் தலைமுறை தலைமுறையாக உயிரோடிருக்கும். மூலநிரலை வரி வரியாகப் படிப்பவருக்கும் எதுவும் தென்படாது. இந்த யோசனையை அமெரிக்க விமானப்படையின் பாதுகாப்பு ஆய்வறிக்கை ஒன்றில் படித்ததாக அவரே சொன்னார். மல்டிக்ஸ் இயங்குதளத்தை ஆராய்ந்து கார்கரும் ஷெல்லும் 1974இல் எழுதியது அது. தாம்சன் வந்து சேரும் முடிவு, நிரலைச் சோதித்துச் சோதித்து நம்பிக்கையை உண்டாக்க முடியாது என்பதுதான். நீங்களே முழுவதும் எழுதாத எதையும் அப்படியே நம்ப முடியாது. கடைசியில் மனிதர்களைத்தான் நம்புகிறீர்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த வாதத்தை யாரும் கவிழ்த்துவிடவில்லை. டிரைவர் கையொப்பம் என்ற ஏற்பாடே அதை ஒப்புக்கொண்டு எழுந்ததுதான்.

மனிதர்களை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால், யாரை நம்புவது என்று யார் தீர்மானிப்பது? சான்றிதழின் விலை, நாள் கணக்கு ஆகியவற்றை விடப் பெரிய கேள்வி இதுதான். இயங்குதளத்துக்கு ஆதரவு தரும் காலம்வரை அதை உருவாக்கிய நிறுவனம் தீர்மானிப்பதில் பொருளிருக்கிறது. அது ஓட்டைகளை அடைக்கிறது, தீய டிரைவர்களின் தடைப்பட்டியலைப் பராமரிக்கிறது, தவறினால் பெயர் கெடும் என்ற அச்சமும் அதற்கு உண்டு. விண்டோஸ் 7க்குப் பொது ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கான நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. அத்தோடு மைக்ரோசாஃப்ட் தன் கடமைகளைக் கீழே வைத்துவிட்டது. அதிகாரத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. யார் கையொப்பம் செல்லும் என்ற பட்டியல் அந்தக் கணினிகளில் அப்படியே உறைந்து கிடக்கிறது. கணினியின் உரிமையாளரால் அதில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. கடமை முடியும் நாளில் அதிகாரமும் உரிமையாளருக்குக் கைமாற வேண்டும். நான் வாதிடுவது இவ்வளவுதான்.

இது கனவுத் திட்டமல்ல. லினக்ஸில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. நம்பகமான கையொப்பமில்லாத இயங்குதளத்தைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் வந்தபோது லினக்ஸுக்கும் இதே சிக்கல் எழுந்தது. 2012இல் மேத்யூ கேரட் உருவாக்கிய ஷிம் என்ற சிறு நிரலில் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது. அதனோடு சூசே நிறுவனத்தினர் முன்வைத்த ‘மெஷின் ஓனர் கீ’ ஏற்பாடு சேர்ந்தது. உரிமையாளர் தன் சாவியைத் தானே உண்டாக்கி, அதைப் பதிவுசெய்யும்படி கேட்டு, ஒரு கடவுச்சொல்லும் கொடுக்கிறார். கணினியை மறுபடி தொடங்கும்போது, இயங்குதளம் எழுவதற்கு முன்பே ஒரு திரை வந்து அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருப்பவர் அதை உள்ளிட்டால்தான் சாவி பதிவாகும். அதன் பிறகு அந்தச் சாவியால் ஒப்பமிட்ட மாட்யூல்களை, அதாவது டிரைவர் போன்ற கெர்னல் துணைநிரல்களை, கெர்னல் ஏற்கும். மற்றவற்றை மறுப்பது தொடரும். பூட்டு அப்படியே இருக்கிறது. சாவிக்கொத்தில் உரிமையாளரின் சாவியும் இருக்கிறது.

உரிமையாளருக்கு அதிகாரம் கொடுத்தால் அவரை ஏமாற்றித் தீய சாவியைப் பதிவுசெய்ய வைப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. ஏமாறுபவர்கள் இருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கணினியை நிறுத்தி, மறுபடி தொடங்கி, நேரில் இருந்து கடவுச்சொல் கொடுக்கவேண்டிய வழி, தொலைவிலிருந்து பரவும் தீய நிரலுக்கு எளிதான வழியல்ல. மேலே பட்டியலிட்ட நிகழ்வுகள் எதிலும் திருடர்கள் உரிமையாளரின் சாவியைத் தேடவில்லை. நிறுவனங்களின் சாவிகளும் நிறுவனங்களின் கவனக்குறைவுமே அவர்களுக்குப் போதுமாக இருந்தன. டிரைவர் எழுதுபவர்களுக்காக விண்டோஸில் சோதனைப் பயன்முறை ஏற்கெனவே இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. அந்தப் பயன்முறையில் சோதனைச் சான்றிதழால் ஒப்பமிட்ட டிரைவர் யாருடையதாக இருந்தாலும் கெர்னல் ஏற்கும். ஒருவரை உள்ளே விடவேண்டியவரிடம் காவலையே நீக்கிவிடச் சொல்வது விடையாகாது.

மூன்றாவது மறுப்பைத்தான் அதிகம் கேட்கிறோம்: பழைய இயங்குதளமே ஆபத்து, அதை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறுங்கள். இணையத்தில் உலவும் வீட்டுக் கணினிக்கு இது சரியான அறிவுரை. நானும் அதையே சொல்வேன். ஆனால் நிறமாலைமானி, சிஎன்சி கடைசல் இயந்திரம், மருத்துவமனைக் கருவி ஆகியவற்றோடு பிணைந்த கணினி தனியான பொருளல்ல. அது அந்தக் கருவியின் ஓர் உறுப்பு. கருவி இருபது ஆண்டு உழைக்கும். அதைச் செய்த நிறுவனம் புதிய டிரைவர் தராமல் போகலாம், மூடியும் போகலாம். இணைய இணைப்பில்லாமல் ஒரு மூலையில் ஒழுங்காக வேலை செய்யும் இயந்திரத்தை, ஒரு சான்றிதழ்ச் சங்கிலி அறுந்ததற்காகக் குப்பையில் போடச் சொல்வதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

இப்போது 460 நாள் விதிக்கு என்ன சொல்வது? உயிரோடிருக்கும் இயங்குதளங்களுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். சாவித் திருட்டுக்கு அது ஓரளவு மருந்து. கேட்கவேண்டியது வேறு. ஓர் இயங்குதளத்துக்கு ஆதரவை நிறுத்தும் நிறுவனம், அதற்காக வெளியிடும் கடைசிப் புதுப்பிப்பிலேயே, உரிமையாளர் தன் சாவியை நேரில் பதிவுசெய்யும் வழியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 10க்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. தனியாகப் பதிவுசெய்துகொள்பவர்களுக்கான நீட்டிப்புதான் மிச்சம். விண்டோஸ் 7இல் விட்டதை அதிலாவது செய்ய இன்னும் நேரமிருக்கிறது. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் கருவிகள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாக எழுதலாம். மொத்தமாக வாங்குபவர் எழுத்தில் கேட்கும் நிபந்தனையை எந்த நிறுவனமும் எளிதில் ஒதுக்கிவிடாது.