பால் கறந்தால் வேலை, காய்ச்சினால் சும்மாவா?

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால், நம்மில் பலர் "வீட்டில சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லி விடுகிறோம். அரசாங்கமும் அப்படியே எழுதிக் கொள்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விதிப்படி, வீட்டுத் தேவைக்கே ஆனாலும் மாட்டில் பால் கறந்தால் அது வேலை. அந்தப் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வேலை இல்லையாம்! மத்திய அரசின் தொழிலாளர் சர்வேயில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்று ஒரு எண். வீட்டாருக்குத் துணியும் தைத்துக் கொடுத்தால் 93. இரண்டுமே உழைப்பவர் கணக்கில் சேராது. பக்கத்து வீட்டுக்குக் கூலிக்குத் தைத்தால்தான் தொழிலாளி.

இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே பிரிவில் சேர்த்ததை 2010-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2019-ல் அரசு எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்தான். இதற்குப் பெயரா சும்மா இருப்பது?

வீட்டு வேலையையும் உழைப்பாகக் காட்டத் தனிப் பிரிவு வேண்டும் என்று அரசைக் கேட்போம். அதற்கு முன் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நம்ம புதுச்சேரியில் வீட்டிலிருந்தே பூ கட்டி, இட்லி மாவு விற்று, டியூஷன் எடுத்து நாலு காசு பார்க்கிற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது அதை விவரமாகச் சொல்லுங்கள், சகோதரிகளே! வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "அவ சும்மாதான் இருக்கா" என்றால், விட்டுவிடாதீர்கள்.

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி-3.