முப்பது கிளப், ஒரே ஆட்டக்காரர்

ஒரே கிளப்பில் காலம் தள்ளுபவரை விசுவாசி என்கிறோம். அடிக்கடி மாறுபவரை நிலையில்லாதவர் என்கிறோம். உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

1976-இல் பிறந்த இந்தக் கால்பந்து முன்கள வீரர் அர்ஜென்டினா, மெக்சிகோ, பிரேசில், ஸ்பெயின், இஸ்ரேல், கிரீஸ், எல் சால்வடார் என 11 நாடுகளில் சுமார் 30 கிளப்புகளுக்கு ஆடி, கின்னஸ் சாதனையும் படைத்து, 2021-இல் ஓய்வு பெற்றார்.

போகும் இடமெல்லாம் புதிய பயிற்சியாளர், புதிய பாணி. பழைய கோல்களைக் காட்டி அணியில் இடம் கேட்க முடியாது.

அலைந்து திரிந்த அவரைத்தான் உருகுவே 2002, 2010 உலகக் கோப்பைகளுக்கு அழைத்துச் சென்றது. 2010 காலிறுதியில் கானாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட். வெற்றியைத் தீர்மானிக்கும் உதை அவருடையது. கோல்கீப்பர் ஒருபக்கம் பாய, பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். உருகுவே அரையிறுதிக்குப் போனது.