புதுமை யாருக்காக?

நீச்சல் குளத்துடன் கூடிய உல்லாசப் படகு, மாளிகை போன்ற தனியார் விமானம் என வருங்கால ஆடம்பர வடிவமைப்புகள் நாளும் அறிமுகமாகின்றன. அவை கற்பனைக்கு வித்திடுவதை மறுக்க இயலாது. எனினும், ஒரு வடிவமைப்பின் மதிப்பை அதன் விலை முடிவு செய்வதில்லை. அதனால் பயன்பெறும் மக்களே முடிவு செய்கின்றனர்.

ரவாங் நகரமே இதற்குச் சான்று. 1894-ஆம் ஆண்டில் தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் அங்குள்ள தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரத்தைப் பொருத்தினர். அன்று அது செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டிய புதுமை. பின்னர், மின்சாரம் எளியோர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதனால்தான் அந்தத் தொடக்கம் இன்றும் போற்றப்படுகிறது.

அதே ரவாங்கின் சுங்கை சோ பகுதியில் பெரோடுவா ஆலை அமைந்துள்ளது. அந்நிறுவனம் 1994-இல் சருகுமானின் மலாய்ப் பெயரைத் தாங்கிய 'கஞ்சில்' மகிழுந்தை வெளியிட்டது. அதில் ஆடம்பரம் இல்லை. ஆனால், சொந்த மகிழுந்து என்ற பல குடும்பங்களின் கனவை அது நனவாக்கியது.

எனவே, நாளைய வடிவமைப்பாளர்களாகிய மாணவர்கள், "இஃது எவ்வளவு அழகு?" என்று வியப்பதோடு நின்றுவிடாமல், "இஃது எத்தனை பேருக்கு உதவும்?" என்றும் சிந்திக்க வேண்டும்.