வெப்சைட்டை அந்தப் பிள்ளையிட்டக் குடுப்பம்

தன்னார்வ மென்பொருள் திட்டங்களோடு கொஞ்ச நாளாவது அலைந்தவர்களுக்கு இந்த வசனம் புதிதில்லை: "புதுசா வந்த பிள்ளை இருக்கிறா தானே, அவவுக்கு கோட் பெரிசா வராது, வெப்சைட்டை அவவிட்டக் குடுப்பம்." சொல்லுகிறவர் கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் சொல்லுகிறார், புதிதாக வந்தவருக்கும் ஒரு வேலை கிடைக்கட்டும் என்று. ஆனால் கோட் எழுதுவதுதான் வேலை, மற்றதெல்லாம் எடுபிடி என்ற எண்ணம் அந்த ஒற்றை வசனத்துக்குள் அப்படியே இருக்கிறது. இணையத்தளத்தை வாசிக்க வருகிற ஆளும் இரண்டாந்தரம், எழுதுகிற ஆளும் இரண்டாந்தரம்.

சண்டை பிடிக்க வேண்டியது இந்த எண்ணத்தோடுதான். "எங்களிட்ட ஆள் பலம் இல்லை" என்பது அதற்குப் பிறகு வருகிற சாட்டு.

2017இல் கிட்ஹப் நிறுவனம் திறமூலத் திட்டங்களில் இருப்பவர்களிடம் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்தியது. அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்களைச் சந்தித்ததாக 93 வீதமானவர்கள் சொன்னார்கள். அதே கணிப்பில் பங்களிப்பாளர்களில் 60 வீதமானவர்கள், தாங்கள் ஆவணப் பக்கம் போவதே அரிது அல்லது இல்லவே இல்லை என்றும் சொன்னார்கள். எல்லாருக்கும் பல் வலிக்கிறது, ஒருவரும் பல் வைத்தியரிடம் போகத் தயாரில்லை. இத்தனைக்கும் பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். வாசலிலேயே திரும்பிப் போனவர்களை யார் கணக்கெடுத்தது?

டெபியனை எடுத்துக்கொள்வோம். 1993இல் தொடங்கிய, தன்னார்வலர்களால் நடக்கிற, நான் மிகவும் மதிக்கிற திட்டம். மூடிய மென்பொருளை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது நீண்டகாலமாக அவர்களுடைய கொள்கை. அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் நடைமுறையில் என்ன நடந்தது? பல லப்டொப்களின் வைஃபை அட்டை வேலை செய்வதற்கு அந்த மூடிய ஃபேர்ம்வெயார் தேவை. அது சேர்த்த இன்னொரு நிறுவல் கோப்பும் இருந்தது. அதையும் டெபியன் ஆட்களே தயாரித்தார்கள். ஆனால் அதற்கு "அதிகாரபூர்வமற்றது" என்று பெயர் வைத்து, தெரிந்தவன் மட்டும் தேடிப் பிடிக்கிற மாதிரி ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். தெரியாதவன் முகப்பில் கிடைத்ததை இறக்கி, பாதி வழியில் வைஃபை இல்லாமல் நின்று, "லினக்ஸ் எனக்குச் சரிவராது" என்ற முடிவுக்கு வந்து, பழையபடி களவு விண்டோஸை ஏற்றினான். கொள்கைக்கான விலையைக் கட்டியது கொள்கையை வகுத்தவர்கள் இல்லை. 2022இல் பொது வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இருந்து அதிகாரபூர்வக் கோப்பிலேயே ஃபேர்ம்வெயார் வருகிறது. நல்லது. ஆனால் அத்தனை வருடமும், "உங்கட லப்டொப்பில வைஃபை மட்டும்தான் இருக்கெண்டால் இந்தக் கோப்பை எடுங்கோ" என்று தரவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி தெளிவாக நின்றிருந்தால், கொள்கையையும் காப்பாற்றியிருக்கலாம், ஆளையும் காப்பாற்றியிருக்கலாம். ஒரு வரி. அதற்கு நிரலாக்கம் தேவையில்லை.

மாறாக நடந்த கதையும் உண்டு. மொசில்லா தன் கோட்டைத் திறந்தது 1998இல். சாதாரண சனத்துக்கு அது ஒரு பொருட்டாகத் தெரிந்தது 2004இல் ஃபயர்பொக்ஸ் வந்த பிறகுதான். மென்பொருள் இலகுவானது ஒரு காரணம். தொழில்நுட்பம் தெரியாத ஆளோடு அவருடைய பாசையில் பேசவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தது இன்னொரு காரணம். அந்த வருட டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் காசு சேர்த்து நியூயோர்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரமே போட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு வரி கோட் எழுதியிருப்பார்கள்?

சரி, எங்கட பக்கம் வருவோம். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றின் பக்கத்தைக் கற்பனை செய்யுங்கள். மட்டக்களப்பில் ஒரு அச்சகத்தில் இருபது வருடமாகப் பாமினியில் தட்டுகிற ஒரு அக்கா அதைத் திறக்கிறா. பாமினி என்பது எழுத்துருவை வைத்துச் செய்த வேலை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாசிக்க முடியாத ஆங்கிலக் குப்பை. ஆகவே அந்த அக்காவின் கேள்விகள் இவைதான்: என்ர விரல் பழகின அதே தட்டு இதிலும் வேலை செய்யுமோ? ரெங்கநாதன் விசைப்பலகையைப் புதுசாப் படிக்கவேணுமோ? பழைய பாமினி ஃபைல் எல்லாத்துக்கும் என்ன நடக்கும்? வேலைக் கொம்பியூட்டரில ஏத்த முதலாளியின்ர பாஸ்வேர்ட் வேணுமோ?

பக்கத்தில் என்ன இருக்கும்? "இலகுவான, நவீன, பல்தள ஆதரவுள்ள உள்ளீட்டு முறைமை." உரிமத்தின் பெயர். பங்களித்தவர்களின் பட்டியல். மூலக் கோட்டில் இருந்து தொகுப்பது எப்படி. திட்டத்தின் வரலாறு, நான்கு பந்தி. ஒரு செய்திப் பகுதி, அதில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு செய்தி. (செய்தி எழுத ஆள் இல்லையென்றால் செய்திப் பகுதியே வைக்காதீர்கள். உயிரோடு இருக்கிற திட்டத்துக்கு நீங்களே அந்தியேட்டி செய்கிற வேலை அது.)

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் ஒரு வரிகூட அந்த அக்காவுக்காக எழுதப்பட்டதும் இல்லை. இன்னொரு டெவலப்பர் பார்த்துத் தலையாட்ட எழுதியது.

உள்ளடக்கத் திட்டமிடல் என்றவுடன் எங்கட பெடியள் முதலில் இறங்குவது மெனுவில் எத்தனை பொத்தான், என்ன நிறம், எந்த ஃபிரேம்வேர்க் என்பதில்தான். வேலை அங்கே இல்லை. கடந்த ஆறு மாதம் பாவனையாளர்கள் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் எடுங்கள். கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருகிற ஏழெட்டுக் கேள்விதான் உங்கள் இணையத்தளம். மிச்சம் எல்லாம் பிறகு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பான ஒரு ஆளின் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த திகதியும் இருக்கவேண்டும். பொறுப்பெடுக்க ஆள் இல்லாத பக்கத்தை எடுத்துவிடுங்கள், கவலைப்படத் தேவையில்லை. மென்பொருள் என்ன செய்யாது என்பதையும் முகப்பிலேயே எழுதுங்கள். "மக் கணினியில் இன்னும் வேலை செய்யாது" என்று சொல்வதில் என்ன வெட்கம்? அதைச் சொல்லாமல் ஒருவரின் ஒரு மணித்தியாலத்தைத் தின்பதுதான் வெட்கம்.

இணைய முகவரி யாருடைய காட்டில் பதிவாகியிருக்கிறது என்பதும் உள்ளடக்கம் சார்ந்த விசயம்தான். அவர் கனடா போய்விட்டால், புதுப்பிக்க மறந்துவிட்டால், நீங்கள் எழுதியதெல்லாம் ஒரே நாளில் காற்றோடு போகும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு பெரிய ஏமாற்று. முழுத்தளமும் தமிழில் வேண்டும் என்று உணர்ச்சிவசப்பட்டு, ஒரு சனி ஞாயிறில் கூட்டமாக இருந்து எல்லாவற்றையும் மாற்றுவார்கள். படம் எடுப்பார்கள், முகநூலில் போடுவார்கள். அடுத்த மாதம் ஆங்கிலப் பக்கம் மாறும், தமிழ்ப் பக்கம் அப்படியே கிடக்கும். ஒரு வருடம் போனால் தமிழ் வாசிக்கிறவருக்கு மட்டும் பிழையான வழிகாட்டல். கணக்குப் பாருங்கள்: 60 பக்கத்தை மூன்று மொழியில் வைத்தால் 180 பக்கம், 8 பக்கம் என்றால் 24. எது எங்களால் இயலும்? இந்த விசயத்தில் டெபியனிடம் படிக்கலாம். அங்கே மொழிபெயர்த்த ஒவ்வொரு பக்கமும் மூலத்தின் எந்தப் பதிப்பில் இருந்து வந்தது என்று குறித்துவைக்கப்படுகிறது. மூலம் முன்னேறி மொழிபெயர்ப்புப் பின்தங்கினால், வாசிக்கிறவருக்கே அது சொல்லப்படுகிறது. அதைவிட நல்லது, அந்த எட்டுப் பக்கத்தையும் முதலில் தமிழிலேயே எழுதுவது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு தமிழாக்குவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"நாங்கள் சம்பளத்துக்குச் செய்யேல்லை. குறையிருந்தால் நீங்களே திருத்தி அனுப்புங்கோ" என்பது வழக்கமான பதில். கிட் தெரிந்த ஆளுக்கு இது அழைப்பு. அச்சகத்து அக்காவுக்கு இது படலையைச் சாத்துகிற சத்தம். நேரம் இல்லை என்பதும் எடுபடாது. ஒரே கேள்விக்குத் தனித்தனியாக நாற்பது தரம் வட்ஸ்அப்பில் பதில் எழுதுகிறீர்கள், அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

இந்த நாட்டில் இதன் கனதியை விளங்கிக்கொள்ள ஒரு உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து ஒழுங்குபடுத்த இங்கேயே தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள்தான் சஹானா. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குத்தான் கொடுத்தது. அப்படிப்பட்ட மென்பொருளைத் தேடி வருகிற ஆள் யார்? ஒரு முகாமில் நின்று, போனில் 12 வீதம் சார்ஜோடு, "இதை எப்பிடித் தொடங்கிறது" என்று தேடுகிற ஒரு கிராம உத்தியோகத்தர். அவருக்கு முன்னால் உங்கள் நான்கு பந்தி வரலாறு வந்து நிற்கலாமா?

ஆகவே, அடுத்த பதிப்பை வெளியிட முதல் ஒன்று செய்யுங்கள். கணினித் துறையில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு இருத்தி, உங்கள் இணையத்தளத்தை மட்டும் வைத்து மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் எந்த இடத்தில் முழிக்கிறாரோ அதைப் பிழைப் பட்டியலில் மற்றப் பிழைகளோடு சேர்த்துப் பதியுங்கள். அது தீரும்வரை வெளியீட்டை நிறுத்திவைக்கிற அதிகாரத்தை, நீங்கள் "கோட் வராது" என்று சொன்ன அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.